இலையில் பூத்த உப்பு

போன மாதம் என் மகளின் பள்ளியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் எழுதிக் கொடுத்த கட்டுரை அவள் எழுதியதாக இருக்க முடியாதாம். காரணம், அது நன்றாக இருக்கிறதாம். "வேறு தலைப்புக் கொடுங்கள், உங்கள் கண்ணெதிரே எழுதட்டும், நான் காத்திருக்கிறேன்" என்றேன். இன்றைக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை என்றார்கள். எனக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அலுவலக வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். இந்த அம்மாளை எழுப்பி அனுப்ப வேறு வழியில்லை என்று கடைசியில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மகள் எழுதினாள். ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, போகலாம்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தில் இல்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் சேலையைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காப்பி குடிக்காமலே ஆறிப்போனது. மகள் பயந்துவிட்டாள். "அதான் முடிஞ்சிருச்சே லா. இன்னும் என்னாம்மா?" என்றாள். அது முடியவில்லை. அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, மலாக்காவின் காஜா பேராங்கில், ஒரு ரொட்டி டின்னுக்குள் அது தொடங்கியது.

எனக்கு அப்போது ஏழு வயது. மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற வருடம். அக்காவுக்குப் பதினைந்து. அவள் பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கு சைக்கிளில் போய்வந்தாள். எங்கள் வரிசையில் சைக்கிள் விட்ட ஒரே பெண் அவள்தான். விடக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. பெண் சைக்கிள் விடுவதை யாராவது ஒரு மாதிரி பார்த்தால், அப்பா அவர்களை நிறுத்திவைத்து ஒரு சொற்பொழிவு செய்வார்.

சொற்பொழிவு அவருக்குக் கைவந்த கலை. பகலில் ஒரு அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. சாயங்காலமானால் சீர்திருத்த மன்றத்துப் பேச்சாளர். கடைவரிசைக்குப் பின்னால் ஒரு சின்னக் கூடத்தில் மன்றம் கூடும். மூடநம்பிக்கை ஒழிய வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும் என்று அப்பா பேசினால், வெளியே நிற்கிற சைக்கிள்கள்கூடத் தலையாட்டும். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அம்மா வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தாள். அப்பா அதைப் பிடுங்கி, வீட்டுக்கு முன்னால் ஓடும் லோங்காங் சாக்கடையில் எறிந்தார். எறிந்ததோடு விட்டாரா? அக்கம்பக்கம் கேட்க ஒரு பேச்சும் பேசினார். "எலுமிச்சம்பழத்துக்கு இவ்ளோ சக்தி இருந்தா, வெள்ளைக்காரன எதுக்கு நாம கெஞ்சிக்கிட்டு இருக்கோம்? நாலு பழத்தக் கட்டித் தொங்க விட்டா போதுமே!" எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அப்பா அவளோடு பேசவில்லை. அதன் பின் எங்கள் வீட்டில் எதுவும் தொங்கவில்லை.

அந்த வருடம் அக்காவின் பள்ளியில் மெர்டேக்காக் கொண்டாட்டத்தை ஒட்டி ஒரு கண்காட்சி வைத்தார்கள். அக்காவின் இயற்கைப் பாட ஆசிரியை ஒரு சீனப் பெண்மணி. அக்காவைக் கூப்பிட்டு, உனக்குச் செடிகளின் மேல்தான் பைத்தியம், அதையே செய் என்றிருக்கிறார். கஷ்டமான இடத்தில் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன என்பது அக்காவின் தலைப்பு. வெறும் கண்காட்சியாக இருந்தால் யாருக்கு என்ன? மேல்வகுப்பில் இரண்டு வருடம் அறிவியல் படிக்க வேண்டுமானால் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே இடம் குறைவு. கண்காட்சியில் நல்ல பெயர் வாங்கினால் தானே பரிந்துரைப்பதாக ஆசிரியை சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம், புக்கிட் ரம்பாயிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்து வாசலில் நின்றது. அப்பா இரண்டுக்கும் பிடிகொடுக்கவில்லை. மேடையில் ஊர்ப் பெண்களையெல்லாம் படிக்கவைப்பவர், சொந்தப் பெண் விஷயத்தில் மட்டும், "கண்காட்சிக்கு வந்து பாக்கறேன். அப்பறம் சொல்றேன்" என்றார்.

அதனால் அக்காவின் அடுத்த இரண்டு வருடமும், அதற்குப் பிறகு எத்தனை வருடமோ அத்தனையும், மூன்று செடிகளின் மேல் நின்றன.

ஒன்று சப்பாத்திக் கள்ளி. இலையை வைத்துக்கொண்டால் தண்ணீர் ஆவியாகப் போய்விடும் என்று இலையையே முள்ளாக்கிக்கொண்டது. இரண்டாவது, சாலையோரத்துப் பெருமரக் கிளையில் தொற்றிக்கொண்டிருந்த ஓர்க்கிட். மண்ணே இல்லாமல், மழைத் தண்ணீரைத் தடித்த தண்டில் சேர்த்துவைத்து வறட்சியைக் கடத்துகிற கெட்டிக்காரி. இந்த இரண்டையும் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். மூன்றாவதுதான் அக்காவின் சொத்து. அதற்காக உஜோங் பாசிர் கடற்கரைக்கு அவள் சைக்கிளை மிதித்தாள், பின்னால் நான்.

அங்கே சேற்றில் நின்ற மரங்களை மலாய்க்காரர்கள் அப்பி-அப்பி என்பார்கள். தண்ணீர் வடிந்திருந்த நேரம். மரத்தைச் சுற்றிச் சேறு முழுக்கப் பென்சில் பென்சிலாக ஏதோ குத்திட்டு நின்றது. யாரோ ஒரு வகுப்பே தன் பென்சில்களை நட்டுவிட்டுப் போனது போல. நான் ஒன்றைப் பிடுங்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"மூக்க யாராச்சும் பிடுங்குவாங்களா, பாப்பா?"

"யாரு மூக்கு?"

"மரத்தோட மூக்குதான். சேத்துக்குள்ள காத்து இல்ல. மூச்சு முட்டும். அதான் வேர மேல நீட்டிக்கிட்டு நிக்குது."

அதன் விதையைக் காட்டினாள். மற்ற மரங்களின் விதை கீழே விழுந்து, மண்ணுக்குள் போய், அப்புறம் முளைக்கும். இதற்கு அந்தச் சாவகாசம் கிடையாது. விழுந்த பிறகு முளைக்கலாம் என்று இருந்தால் அலை கொண்டுபோய்விடும். அதனால் தாய்மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் முளைவிட்டுத் தயாராக இருந்து, விழுந்ததும் வேரை ஊன்றிக்கொள்ளும். "நம்ம வீட்ல சொல்ற மாதிரி, பொறக்கறப்பவே பொழைக்கத் தெரிஞ்சது" என்றாள். அப்புறம் ஓர் இலையைத் திருப்பி, நாக்கை நீட்டு என்றாள். நீட்டினேன். உப்பு!

இது எனக்கு வாழ்க்கையில் நேர்ந்த பெரிய அதிசயங்களில் ஒன்று. கடல் தண்ணீரைக் குடித்தால் நாம் செத்துப்போவோம். இந்த மரம் அதையே குடித்து, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களின் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்குமே, அதே போல இலையில் பூத்திருந்தது.

இடுப்புயரம் கூட இல்லாத ஒரு கன்றைச் சேற்றோடு பெயர்த்து ரொட்டி டின்னில் வைத்து, சைக்கிள் பின்னால் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, காஜா பேராங் கொண்டுவந்து சேர்த்தாள். அதற்குக் குடிக்கக் கடல் தண்ணீர் வேண்டும். ஞாயிறுதோறும் பாட்டில்களை எடுத்துக்கொண்டு உஜோங் பாசிர் போனோம். "இவ்ளோ தூரம் மிதிக்கிறியே, நம்ம வீட்டு உப்ப ரெண்டு கை அள்ளித் தண்ணில கரைச்சு ஊத்தேன்" என்று அம்மா சொன்னாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டு உப்பப் போட்டா அது ஏமாத்து வேலம்மா. சாதத்துல போடற உப்பு இதுகிட்டயே வரக் கூடாது."

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டிப் பெண்மணி இருந்தார். மலாய்ப் பெண்கள் மாதிரி பாஜுச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, மலாய் பேசுகிறவர். நாங்கள் பீபி என்று கூப்பிடுவோம். ஒரு நாள் பிற்பகலில் வேலி வழியாகக் கையை விட்டு இலையைத் தடவி நாக்கில் வைத்தவர், "மாசின்!" என்று கத்தினார். உப்பாம். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் வரிசையே வந்து நக்கியது. அதற்குப் பின் தினமும் யாராவது வருவார்கள். "இலைய மிச்சம் வையுங்க, இது கண்காட்சிக்கு" என்று அக்கா கெஞ்சுவாள். "செடிய நக்கியே தின்னுருவாங்க போலிருக்கே" என்று அம்மா முணுமுணுப்பாள்.

அவள் வேறு எதற்கோ கவலைப்பட்டாள். கண்காட்சி நெருங்கியபோது கீழ் இலை ஒன்று மஞ்சளாகி உதிர்ந்தது. பழைய இலை, அதற்கு வயதாகிவிட்டது என்றாள் அக்கா. இத்தனை கண் பட்டால் கல்லும் வெடிக்கும் என்பது அம்மாவின் கணக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் வீட்டில் வழியில்லை.

கண்காட்சி அன்று விடியற்காலையில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையிலிருந்து அம்மா கையை மூடிக்கொண்டு வந்தாள். முதலில், தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் தலையைச் சுற்றி மூடிய கையை மூன்று தரம் இடமும் வலமும் சுற்றினாள். பிறகு பின்கட்டில் இருந்த டின்னிடம் போய், அந்தச் செடியையும் சுற்றினாள். அவசரம், பயம். விரல் இடுக்கிலிருந்து ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. மீதியைத் தண்ணீர்க் குவளையில் போட்டுக் கரைத்துக் கால்படாத ஓரத்தில் கொட்டினாள். நான் நிற்பதைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லிராத, கண்ணு." கண்ணேறு கழிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எல்லா அம்மாக்களும் செய்வதுதானே. அப்பா திட்டுவார், சொல்லக் கூடாது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்கே பார்த்தாலும் கொடி. அக்கா டின்னைச் சுற்றிச் சிவப்புக் காகிதத்தை மடித்து மடித்து முதல் நாளே அலங்காரம் செய்து வைத்திருந்தாள். அப்பா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அம்மா கல்யாணங்களுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தாள். நடுவர் மத்தியானத்துக்கு மேல் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவின் ஏற்பாடெல்லாம் அதை நம்பித்தான். இரவு ஈரத்தில் இலை உப்பு கரைந்துவிடும். வெயில் ஏறி இலை காய்ந்தால்தான் மறுபடி பூக்கும். கூட்டம் வந்ததும் இலையைத் துடைத்துவிட்டு, டின்னைச் சன்னலோரம் வெயிலில் வைத்து, எல்லார் முன்னாலும் பூக்க வைப்பது அவள் திட்டம்.

நடுவர் காலையிலேயே வந்துவிட்டார். மத்தியானம் அவருக்கு வேறோர் இடத்தில் விருந்தாம். வேறு ஊர்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர், நம்மவர்தான். கோட்டும் டையும் போட்டு, எல்லாரோடும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வந்தார். எங்கள் மேசைக்கு வந்ததும் தமிழுக்கு மாறினார். நம் பிள்ளைகளை அவமானப்படுத்த நம் மொழிதான் வசதி என்று சிலருக்கு ஓர் எண்ணம்.

கள்ளியைப் பார்த்தார், தலையசைத்தார். ஓர்க்கிட்டைப் பார்த்தார். மூன்றாவது அட்டையைப் படித்தார். இலையைத் தடவினார்.

"எங்கேம்மா உப்பு?"

"மத்தியானம் வரும் சார். வெயில் ஏறணும்."

"ஓகோ. செடி மத்தியானம்தான் வேலைக்கு வருமோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "இலைய நீங்களே கழுவித் துடைங்க சார். சன்னல்கிட்ட வைக்கறேன். கொஞ்ச நேரம் காத்திருந்தா நீங்களே பாக்கலாம்." ஆசிரியையும் அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டார். காத்திருக்கச் சொல்லித்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கைக்கடிகாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு மரம் உப்புத் தண்ணீரில் நின்று, சேற்றில் மூச்சுக்கு மூக்கை நீட்டி, பிறக்கும் முன்பே முளைவிட்டு, இவ்வளவு பாடுபட்டுப் பிழைத்து இவர் மேசைக்கு வந்திருக்கிறது. அதைப் பார்க்க ஒரு மத்தியானம் இவரிடம் இல்லை.

அப்போதுதான் அவர் கண் டின்னுக்குப் போனது. சிவப்புக் காகித மடிப்பிலிருந்து எதையோ பேனா முனையால் தட்டி உள்ளங்கையில் எடுத்தார். வெள்ளையாக, கட்டை கட்டையாக, மூன்று நாலு. நாக்கில் வைத்துப் பார்த்தார். கையை எல்லாரும் பார்க்க உயர்த்தினார்.

"இதுவும் இலையில வேர்த்ததா? இது கல் உப்பும்மா! கடையில விக்கிறது! செடி வளக்கிறியா, ஊறுகாய் போடறியா?"

கூடமே சிரித்தது.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அந்த உப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டிருந்தாள், அந்தக் கையையே யாரோ கேட்கிற மாதிரி. பக்கத்தில் அப்பா.

எனக்கு விடை தெரியும்! விடியற்காலையில் நான் பார்த்தேனே. தெரிந்த விடையைச் சொல்லத் துடிக்கிற குழந்தையாக, "அம்மாதான்..." என்று ஆரம்பித்தேன். அக்காவின் கை என் மணிக்கட்டை நெரித்தது. வலியில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் அக்கா.

பொய்யே சொல்லாதவள். வீட்டு உப்பு செடியிடமே வரக் கூடாது என்றவள். ஆசிரியையின் முகம் வாடியதை இப்போதும் பார்க்க முடிகிறது. நடுவர் அட்டையைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். "நேர்மை முதல்ல, அறிவியல் அப்பறம்" என்று ஒரு பொன்மொழியையும் உதிர்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள். அப்பா, "உப்பத் தின்னவ தண்ணி குடிக்கத்தான் வேணும்" என்றார், சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கும்படி. தப்பு செய்தவள் அனுபவிக்க வேண்டும். தன் மகளே ஆனாலும். அவருடைய நியாய உணர்வை மெச்சி இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

டின்னை வெளியே கொண்டுபோய் வெயிலில், சுவரோரமாக வைக்கச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கிற வரை நாங்கள் இருக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். நடுவில் எழுந்து போனால் தவறாக நினைப்பார்களாம். அக்கா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. நான் வெளியே செடிக்குக் காவல் இருந்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

மத்தியானம் எல்லாரும் புறப்பட்டு வந்தபோது, நான் குதித்தேன். "அக்கா, வந்திருச்சு! உப்பு வந்திருச்சு!" ஒவ்வோர் இலையிலும், மாவு தூவினது போல, பொடிப்பொடியாக. கல் உப்புக்கும் அதற்கும் குழந்தைக்கே வித்தியாசம் தெரியும். அக்கா குனிந்து பார்த்தாள். தாவணி முனையால் ஓர் இலையைத் துடைக்கத் தொடங்கினாள்.

அப்பா அவள் கையை விலக்கினார். ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்தார். ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவினார். விரலை நாக்கில் வைத்தார்.

கூடத்தின் கதவு இன்னும் திறந்திருந்தது. நடுவர் படியிறங்கிக்கொண்டிருந்தார், அவரை விருந்துக்கு அழைத்துப்போக வந்த கார் எங்களுக்குச் சற்றுத் தள்ளித்தான் நின்றது. ஆசிரியை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கைக்குட்டையை எடுத்தார். விரலைத் துடைத்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"வாங்க, போலாம்" என்றார்.

வருடக் கடைசியோடு அக்காவின் பள்ளி முடிந்தது. நல்ல மனிதருக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புக்கிட் ரம்பாயில் அவள் வீட்டைச் சுற்றி இன்றைக்கும் எதையாவது டின்னில் வைத்து வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தக் கன்றை அடுத்த ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிர் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே நட்டாள். பின்னால் உட்கார்ந்து டின்னைக் கட்டிப்பிடித்திருந்தவள் நான்தான். பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரவில்லை, அங்கேயே விட்டுவிட்டோம். போன மாதம் என் மகளின் பள்ளிச் சம்பவத்துக்குப் பிறகு என்னைத் தொலைபேசியில் பிடித்த அக்கா, "மத்தியானம் வரைக்கும் ஒக்காந்துட்டியாமே, பைத்தியம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நல்லது" என்றாள். அம்மாவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவள் என்று எனக்குக் கோபம் வரும். சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் அந்தக் கோபம் வேறு ஆள் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

அன்று சாயங்காலத்தோடு முடித்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா அடுப்பை மூட்டினாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சமையலறைக்குள் போனார். தாகமென்றாலும் கூடத்திலிருந்தே தண்ணீர் கேட்கிறவர் அவர். சமையலறையில் அவரை நான் பார்த்ததே கிடையாது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலமாரியை இரண்டு முறை பார்த்தார். உப்புச் சாடி கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசலுக்கு வந்து லோங்காங்கில் கவிழ்த்தார். முன்பு எலுமிச்சம்பழம் விழுந்த அதே இடம். இந்தத் தடவை பேச்சு இல்லை. பக்கத்து வீட்டுச் சன்னல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தம் வராமல் கவிழ்த்தார். சாடியை வழித்துக் காலி செய்து, கொண்டுபோய் அம்மாவின் காலடியில் வைத்தார். அம்மா அதை எடுக்கவில்லை.

மறுநாள் மன்றத்தில் அவருக்குப் பேச்சு இருந்தது. போனார், பேசினார். கைதட்டல் கடைத்தெரு வரை கேட்டது.

உப்பைக் கொட்டிய அன்று இரவுச் சாப்பாடு சோறு, பருப்பு, முருங்கைக்கீரை. வாயில் வைத்ததும், "உப்பே இல்ல!" என்றேன். அப்பா குனிந்த தலை நிமிராமல் முழுச் சோற்றையும் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. சாப்பிடு" என்றாள் அக்கா.

பாவம் அப்பா, அந்த உப்பினால்தானே இவ்வளவும், அதனால்தான் உப்பின் மேல் அவருக்கு இத்தனை கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்காக உப்பில்லாத சோற்றையும் மிச்சம் வைக்காமல் தின்றேன். அக்காதான் உப்புப் போட்டாள் என்று நம்புகிற மனிதர், அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல், நேராக அம்மாவின் சாடிக்கு ஏன் போனார் என்று கேட்க எனக்கு அப்போது வயது போதவில்லை.